சுளகில் கிடந்த மாத்திரை அட்டை

அம்மாவின் பீடிச் சுளகில் இலைக்கட்டு, தூள், நூற்கண்டு, கத்தரி, இலையை அளந்து வெட்டும் தகரத் துண்டு ஆகியவற்றோடு ஒரு மாத்திரை அட்டையும் எப்போதும் கிடக்கும். பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுபடியும் சுளகின் முன் வந்து உட்கார்ந்ததும், அட்டையைப் பின்பக்கமாக அமுக்கி ஒரு கேப்சூலை எடுத்து, தூள் ஒட்டிய விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, செம்புத் தண்ணீரோடு விழுங்குவார். எங்கள் வீட்டில் அதற்குக் கேஸ் மாத்திரை என்று பெயர். அட்டையின் மேல் அச்சிட்டிருந்த பெயரை இரண்டு ஆண்டுகளாக நான் உட்பட யாரும் நின்று வாசிக்கவில்லை.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அம்மா, அண்ணன் குடும்பத்தோடு ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். வயது 68. சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றியவர். சம்மணமிட்டு, முன்பக்கம் குனிந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரும் பழக்கம் உடம்போடு ஊறியது. சாப்பிட்ட கையோடு மறுபடியும் குனிந்து உட்கார்ந்தால், தின்ற சோறும் குழம்பும் புளிப்போடு தொண்டைக்கு ஏறி வருகின்றன என்று அவர் சொல்லத் தொடங்கி நாலைந்து வருடம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் இதை எதுக்களிப்பு என்போம். நெஞ்சு கரிப்பு, புளித்த ஏப்பம், விடியற்காலையில் ஓங்கரிப்பு என்று அது வளர்ந்தபோது அண்ணன் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார். அவர் பத்து நாளைக்குக் கேப்சூல் எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்கு நன்றாகக் கேட்டது. பத்து நாள் முடிந்த பின், அதே சீட்டைக் கொண்டுபோய் மருந்துக்கடை அண்ணாச்சியிடம் காட்டி இன்னொரு அட்டை, பிறகு சீட்டே இல்லாமல் காலி அட்டையைக் காட்டி இன்னொரு அட்டை என்று அது தொடர்ந்தது.

“அந்த மாத்திரையைப் போட்டாத்தாம்ட்டி சோறு எறங்குது. அத ஏன் நிறுத்தச் சொல்லுத?” என்று அம்மா ஒருமுறை என்னிடம் கேட்டார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. சீட்டில் இருந்த பத்து நாள் என்ற கணக்கை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

சென்ற கார்த்திகையில் அடைமழைக்குப் பிறகு அம்மாவுக்குச் சளியும் இருமலும் பிடித்தன. பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்கில் ஐந்து நாளைக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை வாயைக் கசக்கச் செய்து குமட்டலையும் கொண்டுவரும் என்பதால், கூடவே வாந்தி வராமலிருக்க ஒரு சின்ன மாத்திரையை மூன்று வேளைக்குக் கொடுத்தார்கள். “வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அம்மா, “ஒண்ணும் கெடையாது” என்று சொல்லியிருக்கிறார். அவர் மறைக்கவில்லை. கேஸ் மாத்திரையை அவர் மருந்துக் கணக்கிலேயே வைத்ததில்லை. வெற்றிலை பாக்கு மாதிரி அது சாப்பாட்டோடு சேர்ந்த ஒன்று. மூன்றாம் நாள் காலை, தொழுவத்திலிருந்து சாணி அள்ளிக்கொண்டு வந்தவர் நடைப்படியில் தலை சுற்றி விழுந்தார். சில நொடிகள் நினைவில்லை. மயினி தண்ணீர் தெளித்ததும் கண் திறந்து, “நெஞ்சு படபடன்னு அடிச்சுது, பெறகு ஒண்ணுந் தெரியல” என்றார்.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். ஈசிஜி எடுத்த மருத்துவர், தாளை மேசையில் விரித்து அளவுகோலை வைத்து அளந்தார். பிறகு, “வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் கொண்டுவாருங்கள், தலைவலித் தைலம் வரைக்கும்” என்றார். அண்ணன் ஊருக்குப் போய், சுளகில் கிடந்த அட்டை, கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகள், மாடக்குழியில் இருந்தவை என்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் அள்ளி வந்தார். மருத்துவர் இரண்டு அட்டைகளை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துகளின் மேல் பேனாவால் கோடிட்டார். கேப்சூல் அட்டையில் பான்டோப்ரசோல் 40 மி.கி., டாம்பெரிடோன் 30 மி.கி. என்று இருந்தது. சின்ன மாத்திரையின் அட்டையில் டாம்பெரிடோன் 10 மி.கி. என்று இருந்தது. கேப்சூலில் ஒரு நாளைக்கு 30, மாத்திரையில் மூன்று பத்து 30. ஆக மொத்தம் 60. ஒரு நாளைக்குப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளத் தக்க உச்ச அளவு 30 மி.கி. என்பதையும், அம்மா தினமும் விழுங்கிய ஒரே கேப்சூலிலேயே அந்த உச்ச அளவு முழுவதும் அடங்கியிருந்தது என்பதையும் அன்றைக்குத்தான் நாங்கள் அறிந்தோம்.

அந்த மருத்துவர் அவசரப்படாமல் விளக்கினார். அம்மாவுக்கும் புரிய வேண்டும் என்று கட்டிலருகில் நின்றே சொன்னார். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. கால்வாய் மடையில் பலகை போட்டு அடைப்பது போல, சோறு உள்ளே இறங்கியதும் அது இறுகி மூடிக்கொள்ள வேண்டும். பலகை தளர்ந்தால், வயிற்றில் உள்ள அமிலமும் உணவும் எதிர்த்து ஏறும்; அதுதான் எதுக்களிப்பு. இரைப்பை அசைந்து அசைந்து உணவைக் கீழே குடலுக்குத் தள்ளுவதும் வேகமாக நடக்க வேண்டும். அங்கே தேங்கினால் மடையின் மேல் அழுத்தம் கூடும். நம் உடம்பில் டோபமின் என்ற ஒரு பொருள் இரைப்பையின் இந்த அசைவை மட்டுப்படுத்துகிறது. டாம்பெரிடோன் அந்த டோபமின் வந்து உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே இரைப்பை விரைவாக அசையும், மடைப்பலகை சற்று இறுகும், உணவு கீழே இறங்கும்.

வாந்தியை அது நிறுத்துவது வேறு வழியில். மூளையின் அடிப்பகுதியில், இரத்தத்தில் கலந்து வரும் நஞ்சை மோப்பம் பிடித்து வாந்தியைத் தூண்டும் ஓரிடம் இருக்கிறது. மூளைக்குள் வேண்டாதவை நுழையாமல் தடுக்கும் ஒரு வேலி உண்டு. இந்த மோப்ப இடம் அந்த வேலிக்கு வெளியே நிற்கும் காவல்காரன் மாதிரி. டாம்பெரிடோன் பெரும்பாலும் வேலியைத் தாண்டாது. வெளியே நிற்கும் காவல்காரனை மட்டும் அமைதிப்படுத்தும். பெல்ஜியத்தில் ஜான்சென் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1974-இல் உருவாக்கப்பட்ட இம்மருந்துக்கு இருந்த பெரிய நன்மதிப்பே இதுதான்.

வேலியைத் தாண்டும் மருந்து எப்படியிருக்கும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். இதற்கு மூன்று வருடத்துக்கு முன் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணன் மகள், என் மருமகள், அப்போது 17 வயது. ஒரு கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இரவெல்லாம் வாந்தி எடுத்தாள். ஓர் இடத்தில் வாந்திக்கு ஊசி போட்டு, மூன்று வேளைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். வாந்தி நின்றது. மறுநாள் சாயங்காலம் தார்சாவில் உட்கார்ந்திருந்தவளின் தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கழுத்து இடப்பக்கம் திருகி, அவள் நேராக்க முயன்றாலும் மறுபடியும் திருகியது. கண்விழிகள் மேலே செருகின. பேச்சு குழறியது. ஆனால் நினைவு முழுவதும் இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. என் கையை அவள் பிடித்த பிடியை இன்னும் மறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, காத்து கறுப்பு என்று சொல்லித் திருநீறு பூசினார். அந்த அம்மாளின் மேல் எனக்குக் குறையில்லை. கண்ணால் பார்த்தவர் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆட்டோவில் வேறொரு மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, “வாந்திக்கு ஊசி போட்டீங்களா?” என்பதுதான். அது மெட்டோகுளோப்ரமைடு. பிரான்சில் 1964-இல் அறிமுகமான பழைய மருந்து. இதுவும் டோபமினின் இடத்தை அடைப்பதே. ஆனால் இது வேலியைத் தாண்டி மூளைக்குள் போகும். மூளையில் தசைகளின் அசைவைச் சீராக்கும் பகுதியும் டோபமினைக் கொண்டே வேலை செய்கிறது. அங்கே அடைப்பு விழுந்தால் சிலருக்கு, அதிலும் இளவயதுப் பெண்பிள்ளைகளுக்கும் சிறுவர்களுக்கும், முதல் ஓரிரு நாளிலேயே இப்படித் தசை இழுத்துக்கொள்ளும். அவர் புரோமெத்தசின் ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் கழுத்து தானாக நேரானது. “அத்தை, தண்ணி வேணும்” என்றாள். மருந்து உடம்பைவிட்டு முழுதாக நீங்கும்வரை இழுப்பு திரும்பி வரலாம் என்று இரண்டு நாளைக்கு மாத்திரையும் கொடுத்தார். அந்த மருந்தின் பெயரைத் தாளில் எழுதி, இனி எங்கே போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்றார். அந்தத் தாளை மருமகள் இன்றைக்கும் தன் அடையாள அட்டையின் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். இரு வருடத்துக்குப் பின் கல்லூரி விடுதியில் காய்ச்சலோடு வாந்தி வந்தபோது, அதைக் காட்டித்தான் வேறு மருந்து வாங்கிக்கொண்டாள்.

மெட்டோகுளோப்ரமைடு கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின்னும், ஒற்றைத் தலைவலியோடு வரும் வாந்திக்கும் அது இன்றும் பயன்படுகிறது. அதற்கு உரிய கணக்கு உண்டு. பெரியவர்களுக்கு ஒருமுறைக்கு 10 மி.கி., ஒரு நாளைக்கு 30 மி.கி.க்கு மேற்படாமல், ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் வரையறுத்தது. அமெரிக்காவில், பன்னிரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற கடுமையான எச்சரிக்கை 2009-லிருந்து அதன் பெட்டியோடு வருகிறது. மாதக்கணக்கில் சாப்பிட்ட வயதானவர்களுக்கு வாய், நாக்கு, உதடு தாமாக அசைந்துகொண்டேயிருக்கும் கோளாறு வந்து, மருந்தை நிறுத்தியும் சிலருக்குப் போகாமல் தங்கிவிடுகிறது என்பதே காரணம். ஊசியாகப் போடுவதென்றாலும் நரம்பில் மெதுவாக, மூன்று நிமிடமாவது எடுத்துக்கொண்டு செலுத்த வேண்டும். வேகமாகத் தள்ளினால் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு தவிப்பு வந்துவிடும். நடுக்குவாத (பார்க்கின்சன்) நோய் உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாது. குடல் அடைபட்டு வரும் வாந்திக்கும் இந்த வகை மருந்து எதையும் கொடுக்கக் கூடாது. அடைபட்ட குழாயைத் தள்ளினால் கிழியும்.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். மருமகளுக்கு நடந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, “இது மூளைக்குப் போகாத மருந்துதானே டாக்டர், பிறகு ஏன் மயக்கம்?” என்று கேட்டேன். டாம்பெரிடோனின் ஆபத்து மூளையில் இல்லை, இதயத்தில் இருக்கிறது என்றார். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் பின் மின்னோட்டத்தைத் தணித்துக்கொண்டு அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும். அதற்குப் பொட்டாசியம் செல்லின் உள்ளிருந்து வெளியே செல்ல வேண்டும். அந்த வாசலை டாம்பெரிடோன் ஓரளவு அடைக்கிறது. அளவோடு இருந்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. அளவு கூடினால் தணியும் நேரம் நீளும். ஈசிஜியில் அதைக் கியூடி இடைவெளி என்று அளக்கிறார்கள். பெண்களுக்கு அது 460 மில்லி விநாடி வரை இருக்கலாம். 500-ஐத் தாண்டினால் இதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும் அபாயம் உண்டு. அம்மாவுக்கு 512 இருந்தது. 1980-களில் டாம்பெரிடோன் ஊசியாகவும் புழக்கத்தில் இருந்து, சிலருக்கு இதயம் நின்றுபோனதால் ஊசி வடிவம் கைவிடப்பட்டது என்பதையும், அமெரிக்காவில் இம்மருந்துக்கு இன்றுவரை பொது அனுமதி இல்லை என்பதையும் பின்னர் வாசித்து அறிந்துகொண்டேன்.

இரட்டை அளவு மட்டும் காரணமில்லை என்றும் அவர் சொன்னார். டாம்பெரிடோனைக் கல்லீரலில் ஒரு நொதிதான் சிதைத்து வெளியேற்றுகிறது. கிளாரித்ரோமைசின் அந்த நொதியைக் கட்டிப்போடும். எரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல், புளூகோனசோல் ஆகியவையும் அப்படியே. வடிகாலை அடைத்துவிட்டு மேலே தண்ணீரை இரட்டிப்பாகத் திறந்தது போல் அம்மாவின் இரத்தத்தில் மருந்து ஏறியிருந்தது. போதாததற்குக் கிளாரித்ரோமைசினே தன் பங்குக்குக் கியூடி இடைவெளியை நீட்டக்கூடியது. இதோடு பான்டோப்ரசோலை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களில் சிலருக்கு இரத்தத்தில் மக்னீசியம் குறையும், அம்மாவுக்குக் குறைந்திருந்தது. மக்னீசியமும் பொட்டாசியமும் குறைந்தால் இதயத்தின் தாங்கும் சக்தி இன்னும் குறையும். நான்கு காரணங்கள் ஒரே வாரத்தில் ஓரிடத்தில் வந்து சேர்ந்துவிட்டன. டாம்பெரிடோனையும் ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தி, நரம்பு வழியாக மக்னீசியம் ஏற்றி, இதயத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் 451-க்கு இறங்கியது.

வீட்டுக்கு வந்தபின் நான் அம்மாவோடு உட்கார்ந்து அவர் மருந்து சாப்பிட்ட முறையை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்கக் கேட்க மனம் கனத்தது. கேப்சூல் பெரிதாக இருந்து தொண்டையில் நின்ற நாள்களில், அதைத் திறந்து நீராகாரத்தில் கொட்டிக் கரைத்துக் குடித்திருக்கிறார். கேப்சூலுக்குள் இருந்தவை கடுகளவு மணிகள், இரண்டு நிறத்தில். அவற்றைக் கடித்தும் இருக்கிறார். “கடுகு மாதிரி நெறுநெறுன்னு இருக்கும்” என்றார். ஒரு நிறத்து மணிகள் பான்டோப்ரசோல். இரைப்பை அமிலம் பட்டால் அது சிதைந்து வீணாகும் என்பதால், குடலுக்குப் போய்த்தான் கரைய வேண்டும் என்று மேலே பூச்சு பூசியிருக்கிறார்கள். கடித்தால் பூச்சு போயிற்று, மருந்தும் போயிற்று. இன்னொரு நிறத்து மணிகள் டாம்பெரிடோன், 30 மி.கி.யும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் ஏறாமல் சிறுகச் சிறுக வெளிவரும்படி செய்தவை. கடித்துக் கரைத்தால் சிறுகச் சிறுக என்பது போய், மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

சாப்பிட்ட பின்பு எடுத்ததும் பிழை. இந்த இரண்டு மருந்தும் சாப்பாட்டுக்கு முன்பு எடுக்க வேண்டியவை. டாம்பெரிடோன் வெறும் வயிற்றில் எடுத்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும். உணவு வரும் வேளையில் இரைப்பை அசையத் தயாராக இருக்கும். சோறு தின்ற பிறகு விழுங்கினால், தேங்கிய உணவோடு மருந்தும் தேங்கும். பான்டோப்ரசோலின் காரணம் இன்னும் நுட்பமானது. இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகள் நாம் சாப்பிடும்போதுதான் பெருவாரியாக விழித்து வேலைக்கு வருகின்றன. விழித்த பம்பைத்தான் இம்மருந்து பூட்டும். இரத்தத்தில் அது நெடுநேரம் தங்காது. ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே முதல் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்கினால்தான், பம்புகள் விழிக்கும் நேரமும் மருந்து வரும் நேரமும் பொருந்தும். பூட்டிய பம்பு மறுபடி திறக்காது, உடம்பு புதுப் பம்பு செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் நாளுக்கு ஒரு வேளை போதுமானதாக இருக்கிறது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாளாகும். முதல் நாளே நிற்கவில்லை என்று கூடுதலாக இன்னொன்று போடுவது வேண்டாத வேலை.

அம்மாவுக்கு உண்மையில் தேவைப்பட்டது பான்டோப்ரசோல் மட்டும்தான். அமிலத்தைக் குறைப்பது அதன் வேலை. டாம்பெரிடோன் அமிலத்தை ஒரு துளியும் குறைப்பதில்லை, நகர்த்த மட்டுமே செய்கிறது. ஐரோப்பிய முகமை 2014-இல் டாம்பெரிடோனைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல் கொடுக்கலாம் என்று சுருக்கியது. நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 30 மி.கி.க்கு மேல் எடுப்பவர்களுக்கும் இதய அபாயம் கூடுதல் என்றும் சொன்னது. நம் ஊர்களில் இரண்டையும் ஒரே கேப்சூலுக்குள் அடைத்து விற்பதால், அமிலத்துக்காக ஒன்றை விழுங்குகிறவர் தமக்குத் தெரியாமலேயே மற்றொன்றையும் ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்தைக் காலி அட்டையைக் காட்டினால் கொடுத்துவிடும் வழக்கம் எனக்கு ஆறாத வருத்தம். அண்ணாச்சியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கேட்டு நின்றவர்கள் நாங்கள்தான்.

வேறு வகையில் துன்பப்பட்ட ஒருவரையும் அறிவேன். என்னோடு வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் இதே கேப்சூலை நாலைந்து மாதம் எடுத்தார். மாதவிடாய் தள்ளிப்போய், பால் கொடுக்கும் நிலையில் இல்லாதவருக்கு மார்பில் பால் கசிந்தது. மூளையில் கட்டியோ என்று பயந்து பரிசோதனைக்கெல்லாம் அலைந்தார். டாம்பெரிடோன் பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டினைக் கூட்டும். நிறுத்திய சில வாரங்களில் எல்லாம் சரியாகிவிட்டது.

அம்மாவின் மருந்தை ஒரே நாளில் முழுவதும் நிறுத்தவில்லை. டாம்பெரிடோனை அன்றே விட்டாயிற்று. பான்டோப்ரசோலைத் தனியாக, காலையில் 40 மி.கி. எட்டு வாரம், பிறகு 20 மி.கி. என்று இறக்கினார்கள். நெடுநாள் எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தினால், அடக்கி வைத்த அமிலம் சில வாரம் முன்னைவிட மிகுதியாகச் சுரந்து நெஞ்சைக் கரிக்கும். அதைப் பார்த்துவிட்டு, மருந்து இல்லாமல் நமக்கு ஆகாது என்று மறுபடியும் தொடங்கிவிடுவார்கள். அம்மாவும் 20-க்கு இறங்கிய முதல் இரண்டு வாரம் சிரமப்பட்டார். இரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, “அந்தக் கேஸ் மாத்திரையில ஒண்ணே ஒண்ணு தாட்டி” என்று கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மருத்துவர் அனுமதித்த அமில முறிப்புத் திரவத்தைக் கொடுத்து அந்த நாள்களைக் கடந்தோம்.

மருந்தைவிடப் பலன் கொடுத்தவை வீட்டில் செய்த சில மாற்றங்கள் என்பது என் கருத்து. முதலாவது, சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் சுளகின் முன் உட்காருவதில்லை. பீடிக் கணக்கு குறையும் என்று அம்மா மறுத்தார். அண்ணனும் மயினியும் பேசி, இலை வெட்டும் வேலையைக் காலையிலும், சுற்றும் வேலையைச் சாப்பாட்டுக்கு முந்திய நேரத்துக்கும் மாற்றிவைத்தார்கள். சுற்றும்போதும் சுவரில் முதுகு சாய்த்து, சுளகை ஒரு பலகையின் மேல் உயர்த்தி வைத்தால் வயிறு மடங்குவது குறைகிறது. இரண்டாவது, இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள். புளிக்குழம்பும் மிளகாய்த் துவையலும் இராத்திரி வேண்டாம் என்றோம்; சொதியும் குழைந்த சோறும் ஒத்துக்கொண்டன. வெற்றிலையோடு அடக்கிக்கொள்ளும் புகையிலைத் துண்டை விடச் சொல்லி மருத்துவர் வற்புறுத்தினார். புகையிலையில் உள்ள நிக்கோடின் அந்த மடைப்பலகையைத் தளரச் செய்கிறது. அதை அம்மா இன்னும் முழுதாக விடவில்லை. நாளுக்கு நாலாக இருந்தது ஒன்றாகியிருக்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் நெஞ்சு அடைக்கிறது, வேர்க்கிறது என்று சொன்னபோது வீட்டார் கேஸ் என்று நினைத்து மாத்திரையும் சோடாவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு என்று தெரிந்து கொண்டுபோவதற்குள் நேரம் கடந்துவிட்டது. வேர்வை, மூச்சுமுட்டல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை இருந்தால், அல்லது நடந்தால் நெஞ்சு அடைத்து நின்றால் விட்டுவிடுகிறது என்றால், முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும். கேஸ் மாத்திரை பிறகு. விழுங்கும்போது உணவு தடைபடுவது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, இரத்த வாந்தி இவற்றில் எது இருந்தாலும் மாத்திரையால் மூடி மறைக்காமல் உள்நோக்கி (எண்டோஸ்கோபி) பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இப்போது அம்மாவின் மருந்துகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஒவ்வோர் அட்டையிலும் உள்ள மூலப்பொருளின் பெயரை மருமகள் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள். டப்பா மூடியின் உட்புறத்தில், அம்மாவுக்கு ஆகாதவை என்று டாம்பெரிடோனும் கிளாரித்ரோமைசினும், அவளுக்கு ஆகாதது என்று மெட்டோகுளோப்ரமைடும் எழுதப்பட்டிருக்கின்றன. எந்த மருத்துவரிடம் போனாலும் டப்பாவோடுதான் போகிறார்கள். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் அண்ணன் செங்கல் வைத்து அரை அடிக்குச் சற்றுமேல் உயர்த்தினார். முதல் வாரம் வழுக்கிக் கீழே வருகிறேன் என்று அம்மா குறைப்பட்டார். செங்கல் நகராமலிருக்க நடுவில் குழி வெட்டி, கட்டில் கால் அதில் உட்காரும்படி செய்தோம். தலையணையை மட்டும் உயர்த்தினால் வயிறு மடங்கி எதுக்களிப்பு கூடும் என்பதால் கட்டிலையே சரித்தோம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார். விடியற்காலை ஓங்கரிப்பு தை மாதக் கடைசியிலிருந்து இல்லை. பான்டோப்ரசோல் 20 மி.கி. இன்னும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்க்கொண்டிருக்கிறது; அடுத்த மாதம் மக்னீசியமும் ஈசிஜியும் மறுபடி பார்த்துவிட்டு அதையும் நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.